பிடிக்குதா?

காரின் முன்சக்கர பிரேக்கை வீட்டிலேயே நானே மாற்றுகிறேன் என்று சொன்னதும் என் மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பைத்தியம் கியித்தியம் பிடிச்சிருக்கா உங்களுக்கு? மருமக அவ்வளவு தூரம் தன்னந்தனியா ஓட்டிக்கிட்டுப் போகப் போறா. பல்லு ராவற கையை வெச்சுக்கிட்டு பிரேக்குல போய் விளையாடறீங்களே!"

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. நான் மெக்கானிக் இல்லை. பல் டாக்டர்களுக்குப் பல் செட் செய்து கொடுத்தே தலை நரைத்தவன். மெழுகும் அரமும்தான் என் ஆயுதங்கள். கார் வேலை எல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் என் மகனோடு சேர்ந்து கற்றுக்கொண்டது. அவன் செல்போனில் வீடியோ பார்த்துச் சொல்வான், நான் திருகுவேன். கொஞ்சம் யோசித்துத் திருகினால் போதும், "அப்பா, இது கடைவாய்ப் பல் இல்லை. பலமா திருகுங்க, யாரும் ஐயோன்னு கத்த மாட்டாங்க" என்பான்.

மனைவியை அடுப்படிக்குள் இழுத்துப் போய்க் காதோடு விஷயத்தைச் சொன்னேன்.

"ஒர்க்‌ஷாப்புல விட்டா கொஞ்ச நேரத்துல முடிச்சுக் கையில குடுத்துடுவான். இங்கேன்னா நாள் பூரா என் பக்கத்துலயே நின்னாகணும். அப்ப பேசிடறேன்."

அவள் முகம் மாறிவிட்டது. "நீங்க சொன்னா கேப்பா," என்றாள். "உங்க மேல அவளுக்குத் தனிப் பாசம்."

பேச வேண்டியது ஒன்றே ஒன்றுதான். போகாதேம்மா என்று மருமகளிடம் சொல்ல வேண்டும்.

போன வருஷம் எங்கள் மகன் போய்விட்டான். ராத்திரி சாப்பிட்டு, சிரித்துப் பேசி, படுத்தவன் காலையில் எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார் டாக்டர். இந்த வயசில் இதயமா என்று நான் அவரிடம் சண்டைக்குப் போனேன். ஏதோ அவர் வேண்டுமென்றே தப்பாகச் சொல்வது மாதிரி. ஒரே பிள்ளை. அவனுக்கும் குழந்தை குட்டி இல்லை. மருமகளை அவள் அண்ணன் வந்து கூப்பிட்டான். அவள் போகவில்லை. "நான் இங்கயே இருக்கேன் மாமா" என்றாள். பெற்ற பெண் இருந்தாலும் அப்படி இருந்திருப்பாளா என்று தெரியாது. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை அவளுக்கு. "மூச்சைப் பிடிங்க, விடுங்க" என்று நாள் பூரா ஊரையே மிரட்டிவிட்டு சாயங்காலம் வீட்டுக்கு வந்து, அத்தையின் கால்வலிக்கு எண்ணெய் தேய்ப்பாள், என் கண்ணாடியைத் தேடிக் கொடுப்பாள். அவள் இருக்கிற வரைக்கும் அவனும் கொஞ்சம் இருப்பதாக நாங்கள் இரண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்ளாமலே நினைத்துக்கொண்டிருந்தோம்.

அப்படி இருக்கையில் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்காமல், வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது என்றாள். தங்க இடமும் அவர்களே தருகிறார்களாம். "நல்ல வேலை மாமா" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்புவதாக முடிவாகிவிட்டது. எனக்கு நம்பிக்கை போகவில்லை. யாராவது இரு என்று ஒரு வார்த்தை அழுத்திச் சொன்னால் இருந்துவிடுவாள், அந்த ஒரு வார்த்தைக்குத்தான் காத்திருக்கிறாள் என்று மனசுக்குள் கோட்டை கட்டிக்கொண்டேன். கார் மகனுடையது. அவளையே எடுத்துக்கொண்டு போகச் சொல்லியிருந்தோம். அதற்கும் சாமர்த்தியமாக ஒரு வியாதி வந்தது. பிரேக்கை மிதித்தால் ஸ்டீயரிங் கிடுகிடுவென்று நடுங்கியது, முன்சக்கரத்திலிருந்து கீச்சென்று சத்தம் வந்தது. டிஸ்க் தேய்ந்து கோணிப்போயிருந்தது, அதைக் கவ்வி நிறுத்துகிற பேட் தகடு வரைக்கும் தேய்ந்துவிட்டது. அதைப் பார்த்து எனக்கு வந்த சந்தோஷத்தை வெளியில் சொல்ல முடியாது.

சாமான் வாங்க ஸ்பேர் கடைக்குப் போன் செய்தேன். முன்பக்க டிஸ்க் இரண்டு, பேட் ஒரு செட் என்றேன்.

"என்ன சார், ஆளையே காணோம்! வேற கடை பிடிச்சுட்டீங்களா?" என்றார் கடைக்காரர்.

அந்தக் கடைக்கு நான் அதுவரை போன் செய்ததே இல்லை. எப்போதும் மகன்தான் செய்வான். எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"கொஞ்சம் வேலை" என்றேன்.

"அப்பா நல்லா இருக்காரா?"

"இருக்கார்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே குரல். குரல் உடைந்த வயசிலேயே அவனுக்கு அப்படியே என் குரல் வந்துவிட்டது. அவன் சிநேகிதர்கள் போனில் என்னிடமே தங்கள் திருட்டுத்தனங்களை எல்லாம் கொட்டுவார்கள். என் மனைவி அவனுக்கு விழ வேண்டிய திட்டை எனக்கும் எனக்கு விழ வேண்டியதை அவனுக்கும் கொடுத்திருக்கிறாள். கல்யாணமான புதுசில் மருமகள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போன் செய்தாள். நான் ஹலோ என்றதும், "என்ன துரை, இன்னும் எந்திரிக்கலையா? பக்கத்துல நான் இல்லைன்னா தூக்கம் சுகமா வருதாக்கும்!" என்றாள். "அவன் குளிக்கிறான்மா" என்றேன். அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே ஓடினாள். அதைச் சொல்லிச் சொல்லியே மகன் அவள் மானத்தை வாங்கினான். எனக்கோ உள்ளூரப் பெருமை. சொத்து சுகம் என்று எதையும் சேர்க்காதவன், குரலையாவது கொடுத்தேனே என்று.

சனிக்கிழமை காலையில் வேலையை ஆரம்பித்தோம். பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் செங்கல் வைத்தேன். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு, பிறகுதான் ஜாக்கி போட்டுத் தூக்கினேன். மருமகள் பழைய சுடிதாரில், தலைமுடியைத் தூக்கி முடிந்துகொண்டு, நான் கேட்பதற்கு முன்னாலேயே ஸ்பேனரை எடுத்து நீட்டினாள். அளவு தப்பவில்லை. இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. எனக்கு வேறு பேச்சு இருந்தது.

"அந்த ஊர்ல தண்ணி எப்படியாம்?" என்று ஆரம்பித்தேன்.

"நல்லா இருக்காம் மாமா."

"வெயில் அதிகம்னு சொல்றாங்க."

"இங்க மட்டும் என்ன வாழுதாம்?" என்று சிரித்தாள்.

அதற்கு மேல் எனக்கு ஓடவில்லை. பல் செட்டோடு தனியாக உட்கார்ந்து பழகியவனுக்குப் பேச்சு எங்கிருந்து வரும்? வாயில்லாத பல்லோடுதான் எனக்குச் சகவாசம். இடதுபக்கச் சக்கரத்தைக் கழற்றிக் காருக்கு அடியில் படுக்க வைத்தேன். ஜாக்கி நழுவினாலும் காப்பாற்றும். பேட்டைப் பிடித்திருக்கிற காலிப்பரின் இரண்டு போல்ட்டுகளையும் எடுத்து, அதன் ஆயில் டியூப் இழுபடாமல் கம்பி போட்டு மேலே கட்டித் தொங்கவிட்டேன். பழைய பேட் இரண்டும் கையோடு வந்தன. ஒன்று காகிதம் போல இருந்தது. இதை வைத்துக்கொண்டா தினமும் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தாள்!

டிஸ்க் வரவில்லை. அதை மேலே பிடித்து வைத்திருக்கிற சின்ன ஸ்குரூ துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. நான் அதைத் திருப்பிப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், திருப்புவதாகப் பாசாங்கு செய்தேன். அடம் பிடிக்கிற ஸ்குரூவை விட்டால் எனக்கு வேறு கூட்டாளி யார்?

"வர மாட்டேங்குதும்மா. ரொம்பத் திருகினா தலை சிதைஞ்சிடும். இதுக்குன்னு ஒரு சாமான் இருக்கு. நாளைக்குக் கடை லீவு. திங்கட்கிழமைதான் வாங்க முடியும்."

அவள் குந்தி உட்கார்ந்தாள். ஸ்குரூ டிரைவரை அதன் வாயில் நேராக வைத்து, அதன் பிடியில் சுத்தியலால் நாலு போடு போட்டாள். பிறகு திருப்பினாள். கிறீச்சென்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டு ஸ்குரூ திரும்பியது.

"அவர் இப்படித்தான் எடுப்பார்" என்றாள். "மொதல்ல அடிச்சு மிரட்டணும், அப்புறம்தான் கேக்கணும்னு சொல்வார்."

எனக்கு அசடு வழிந்தது. டிஸ்கின் பின்பக்கத்தைச் சுற்றிச் சுற்றித் தட்டினேன். துரு பொலபொலவென்று உதிர, அது கழன்று கையில் விழுந்தது. அதோடு என் திங்கட்கிழமையும் விழுந்தது.

உள்ளே இருந்த மேடையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தேன். அங்கே துரு ஒரு பொட்டு மிச்சம் இருந்தாலும் புது டிஸ்க் கோணலாக உட்காரும், மறுபடி ஸ்டீயரிங் நடுங்கும். புது டிஸ்கில் பூசியிருந்த எண்ணெயை அவள் துடைத்துக்கொடுத்தாள், விரல் படாமல் ஓரத்தைப் பிடித்து, எக்ஸ்ரே பிலிமைப் பிடிப்பது மாதிரி. காலிப்பரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்த பிஸ்டனைப் பழைய பேட் ஒன்றை அண்டக்கொடுத்துக் கிளாம்ப்பால் மெல்ல உள்ளே தள்ளினேன். புது பேட் தடிமன், பிஸ்டன் உள்ளே போனால்தான் அதற்கு இடம் கிடைக்கும். எல்லாவற்றையும் மாட்டி, டிஸ்க் ஆடாமல் இருக்க இரண்டு நட்டை மட்டும் முடுக்கிவிட்டு, "உள்ள போய் உக்காரும்மா, பிரேக்கை மிதிச்சுப் பாக்கணும்" என்றேன்.

அவள் டிரைவர் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். கண்ணாடி இறங்கியிருந்தது. நான் சக்கரம் இருந்த பள்ளத்துக்குள் தலையை விட்டு உட்கார்ந்திருந்தேன். அவள் முகம் எனக்குத் தெரியாது, என் முகம் அவளுக்குத் தெரியாது. பேசுவதற்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது என்று நினைத்தேன். இந்தப் பக்கம் பிரேக் பிடித்ததும் சொல்லிவிட வேண்டியதுதான்.

"மிதி."

"மிதிச்சேன். தரையோட போகுது மாமா."

"அப்படித்தான் போகும். பிஸ்டனை உள்ள தள்ளியிருக்கோம்ல. மிதிச்சு மிதிச்சு விடு, மேல வரும்."

அவள் மிதித்து மிதித்து விட்டாள். பேட் இரண்டும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து வந்து டிஸ்கைக் கவ்வுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பல் செட் வாயில் சரியாக உட்காருகிற நேரம் எனக்கு நினைவுக்கு வந்தது.

"இப்ப மிதிச்சுப் பிடி. பிடிக்குதா?"

டிஸ்கில் கையை வைத்தபடி மறுபடி கேட்டேன்.

"பிடிக்குதாம்மா?"

"பிடிக்கலை."

டிஸ்கை இரண்டு கையாலும் பிடித்துச் சுற்றிப் பார்த்தேன். அசையவில்லை. "இங்க பிடிக்குதே! காலை எடுத்துட்டியா?"

"இல்லை."

"அப்ப பிடிக்குதா, இல்லையா?"

"பிடிக்கலை மாமா."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. மருமகள் மேல் இல்லை, பிரேக் மேல். எங்கேயாவது ஆயில் கசிகிறதா என்று டியூப் முழுக்க விரலால் தடவினேன். காய்ந்துதான் இருந்தது. காலிப்பரைத் தட்டிப் பார்த்தேன். இவ்வளவு தூரம் போகப் போகிறவளுடைய பிரேக் பிடிக்கவில்லை என்றால் என் வேலையில்தான் கோளாறு. பயத்தில் குரல் உயர்ந்துவிட்டது.

"நல்லா மிதிச்சுப் பிடி! விடாதே! இப்ப சொல்லு, பிடிக்குதா?"

முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவள் இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்துக்கொண்டு, இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணீர் மோவாயிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"என்னம்மா?"

"பிரேக் பிடிக்குது மாமா" என்றாள். "எனக்குத்தான் பிடிக்கலை."

சொன்னால் யாராவது காறித் துப்புவார்கள். அந்தப் பெண் அழுவதைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் வந்தது. நான் நினைத்தது சரியாகப் போயிற்று. இவளுக்குப் போகப் பிடிக்கவில்லை. ஒரு வார்த்தைக்குத்தான் காத்திருந்திருக்கிறாள்.

"பிடிக்காத ஊருக்கு எதுக்கும்மா போகணும்?" என்று ஆரம்பித்தேன். காலையிலிருந்து வராத பேச்சு மடை திறந்துவிட்டது. "யார் உன்னைப் போகச் சொன்னது? இப்பவே போன் பண்ணி வரலைன்னு சொல்லிடு. நான் சொல்லட்டுமா? அத்தை கட்டி வெச்சிருக்கிற மூட்டை எல்லாம் ஒரு நிமிஷத்துல பிரிச்சிடுவா, அவளுக்கு அதைவிட என்ன வேலை? உன் வேலை இங்கயே இருக்கு. பழைய ஆஸ்பத்திரியில நாளைக்கே சேத்துப்பாங்க. நீ இறங்கு மொதல்ல."

அவள் தலையை ஆட்டினாள். இறங்கவில்லை.

"போறது பிடிக்கலைன்னு சொல்லலை மாமா."

"பின்ன?"

"இங்க இருக்கறதுதான் பிடிக்கலை."

நான் அப்படியே நின்றேன். கையில் கிரீஸ், அதைக் கதவில் வைத்துவிட்டேன் என்பதுகூடத் தெரியவில்லை.

"நாங்க ஏதாவது தப்பா..."

"ஐயோ, இல்லை மாமா. அப்படிச் சொல்லாதீங்க. உங்களை மாதிரி யாருக்குக் கிடைப்பாங்க?" புறங்கையால் முகத்தைத் துடைத்தாள். கையிலிருந்த கறுப்பு கன்னத்தில் ஏறியது. "உங்க குரல் மாமா."

"குரலா?"

"காலையில நீங்க ஹால்ல உக்காந்து பேப்பரைப் பாத்து அத்தைகிட்ட ஏதாவது சொல்வீங்க. நான் உள்ள அரைத் தூக்கத்துல இருப்பேன். அவர்தான் பேசறார்னு நெனச்சுக்கிட்டு எந்திரிப்பேன். எந்திரிச்சு உக்காந்த பிறகுதான் ஞாபகம் வரும். ஒரு நாள் இல்லை, தினமும். தினமும் காலையில அவர் புதுசா செத்துப்போறார் மாமா."

கதவில் என் கை பதிந்திருந்த கறுப்பை அப்போதுதான் பார்த்தேன்.

"இப்ப நீங்க கீழ உக்காந்து, முகம் தெரியாம, பிடிக்குதான்னு கேட்டீங்க. அவரும் இதே இடத்துல உக்காந்துதான் கேப்பார். நான் பிடிக்குதுன்னு சொல்வேன். உடனே, யாரைன்னு கேப்பார். ஒவ்வொரு தடவையும் கேப்பார், சலிக்கவே சலிக்காது. நான் பதில் சொல்ற வரைக்கும் வெளிய வர மாட்டார்." கொஞ்சம் சிரிப்பு வந்து, அது பாதியிலேயே உடைந்தது. "பிடிக்குதுன்னு சொல்லிட்டா அடுத்த வார்த்தை வராதுல்ல. அதான் மாமா, எனக்கு வாய் வரலை. தப்பா எடுத்துக்காதீங்க. குரலுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?"

பரவாயில்லைம்மா என்று சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாயை மூடிக்கொண்டேன். அந்த வார்த்தையும் அவன் குரலில்தானே போய் அவள் காதில் விழும். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். விடச் சொல்ல அன்றைக்கு அவளுக்கும் தோன்றவில்லை.

மகன் போன பிறகு அந்தக் குரல்தான் எனக்கு மிச்சம் என்று நினைத்திருந்தேன். ஆளில்லாத நேரத்தில் குளியலறையில் அவனை மாதிரி "அப்பா" என்று நானே கூப்பிட்டுப் பார்த்ததுண்டு. இத்தனை நாள் அவள் முகம் காலையில் வீங்கியிருந்ததை நானும் பார்த்தேன், என் மனைவியும் பார்த்தாள். தூக்கம் சரியில்லை என்றாள், நம்பினோம். கட்டிப்பிடித்து வைத்துக்கொள்ள நினைத்த பெண்ணை நான்தான் நாள் தவறாமல் துரத்திக்கொண்டிருந்திருக்கிறேன், நல்லபடியாகப் பேப்பர் படித்துக்கொண்டே.

கொஞ்ச நேரம் கழித்து இடதுபக்கச் சக்கரத்தை மாட்டினேன். வலதுபக்கத்துக்கு ஜாக்கியை மாற்றினேன். இந்தத் தடவை எந்தப் பாசாங்கும் செய்யவில்லை. ஸ்குரூவை அடித்து மிரட்டினேன், திரும்பியது. மேடையைக் கண்ணாடி மாதிரி தேய்த்தேன். பேட் நகருகிற இடத்தில் மட்டும் கிரீஸை விரல் நுனியால் தொட்டு வைத்தேன். யாருக்கும் அவ்வளவு கவனமாகப் பல் கட்டியதில்லை. பேசவும் இல்லை. எனக்கு ஸ்பேனர் வேண்டும் என்றால் கையை நீட்டினேன், அவள் வைத்தாள்.

மிதித்துப் பார்க்கிற நேரம் வந்தது. அவள் சீட்டில் ஏறினாள். நான் ஜன்னல் பக்கம் போய் ஸ்பேனரைக் காட்டினேன். காரின் தகட்டில் ஒரு தட்டுத் தட்டி, காலை மிதிப்பது போல ஜாடை செய்தேன். இரண்டு தட்டுத் தட்டி, காலைத் தூக்கிக் காட்டினேன். ஒன்றென்றால் மிதி. இரண்டென்றால் விடு. அவளுக்குப் புரிந்தது. புரிந்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

பள்ளத்துக்குள் போய் உட்கார்ந்து ஒரு தட்டுத் தட்டினேன். மிதித்தாள். இரண்டு தட்டினேன். விட்டாள். அப்படியே பல தடவை. பேட் நகர்ந்து வந்து கவ்வியது. கடைசியாக ஒன்று தட்டிவிட்டு டிஸ்கைச் சுற்றினேன். மலை மாதிரி நின்றது.

"பிடிக்குது மாமா" என்று மேலேயிருந்து சத்தம் வந்தது.

யாரை என்று கேட்க அங்கே யாரும் இல்லை. நான் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சட்டைக் கையில் கண்ணைத் துடைத்தேன். கண்ணில் துரு விழுந்துவிட்டது என்று யாரிடமும் சாக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சாயங்காலம் அவள் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார, காலியான ரோட்டில் கொண்டுபோய்ப் புது பேட்டைப் பழக்கினோம். வேகம் எடுத்து மெதுவாக மிதித்து விட வேண்டும், மறுபடி வேகம் எடுக்க வேண்டும். கைச்சாடையிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்டீயரிங் நடுங்கவில்லை, கீச் சத்தம் இல்லை. வேலை சுத்தமாக இருந்தது. இப்படி ஒரு வேலையைச் செய்ததற்காக வருத்தப்பட்டவன் உலகத்திலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி என்னை அடுப்படிக்கு இழுத்தாள். "பேசினீங்களா?"

"பேசினேன்" என்று கிசுகிசுத்தேன்.

"என்ன சொன்னா?"

"பிரேக் நல்லா பிடிக்குதாம்."

"உங்களைப் போய் நம்பினேன் பாருங்க!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். "நாள் பூரா பக்கத்துல வெச்சுக்கிட்டு ஒரு வார்த்தை கேக்கத் துப்பில்லை. இருக்கச் சொல்லி நீங்க கேட்டிருந்தா இருந்திருப்பா." சொல்லிக்கொண்டே இன்னொரு டப்பாவில் எதையோ அடைத்துக் கட்டினாள். அவளிடம் உண்மையைச் சொல்லவில்லை. சொன்னால் அவளும் காலையில் என் குரலைக் கேட்கும்போதெல்லாம் யோசிக்க ஆரம்பித்துவிடுவாள். அவளுக்காவது அந்தக் குரல் வீட்டில் இருக்கட்டும்.

மறுநாள் காலையில் நான் பேப்பரைப் பிரித்தேன், ஒரு வரிகூட வாய்விட்டுப் படிக்கவில்லை. மருமகள் தானாகவே எழுந்து வந்தாள். முகம் வீங்கியிருக்கவில்லை. என்னைப் பார்த்தாள், பேப்பரைப் பார்த்தாள், குளிக்கப் போய்விட்டாள்.

சாமான்களை ஏற்றி முடிந்ததும் அத்தையும் மருமகளும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுது தீர்த்தார்கள். நான் அதற்குள் நட்டு எல்லாவற்றையும் மறுபடி ஒருதரம் முடுக்கிப் பார்த்தேன். இறுக்கமாகவே இருந்தன. அவள் ஏறி எஞ்சினைப் போட்டாள். பின்னால் இரண்டு சிவப்பு விளக்கும் எரிந்தன. பிரேக்கை மிதித்துக்கொண்டு இருந்தாள்.

"நேத்து சொன்னதுக்குக் கோபமா மாமா?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டாள்.

இல்லை என்று தலையை ஆட்டினேன். அவள் அப்போதும் கிளம்பவில்லை. மிதித்த காலை எடுக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்திரமாகப் போ, போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு, அங்கே நன்றாகத் தூங்கு என்று சொல்ல எனக்கு நெஞ்சு முட்ட வார்த்தைகள் இருந்தன. போகாதே என்ற பழைய வார்த்தையும் இன்னும் அங்கேதான் கிடந்தது. கையைத் தூக்கி, கார் கூரையில் இரண்டு தட்டுத் தட்டினேன்.

அவள் கண் நிறைந்தது. காலை எடுத்தாள். சிவப்பு விளக்கு அணைந்தது, கார் நகர்ந்தது.

தெருமுனையில் விளக்கு மறுபடி எரிந்தது. "நிக்கறா! நிக்கறா பாருங்க!" என்று மனைவி என் கையைப் பிடித்தாள். எனக்கும் ஒரு நிமிஷம் நெஞ்சு நின்றுதான் போயிற்று. குறுக்கே ஒரு சைக்கிள் போனது. அது போனதும் கார் திரும்பி மறைந்துவிட்டது.

"கல்லு மாதிரி நின்னீங்களே" என்று மனைவி அழுதுகொண்டே என்னைத் திட்டினாள். "அந்தப் பொண்ணு உங்க வாயையே பாத்துக்கிட்டிருந்துச்சு. பத்திரமாப் போயிட்டு வான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னேன்."

"எப்ப சொன்னீங்க? என் காதுல விழலையே."

"அவளுக்கு விழுந்துச்சு" என்றேன்.